கோபர்நிகஸை எதிர்த்தவர்கள் முட்டாள்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சிறுவர் இணைப்பில் வானியல் பற்றி வந்த கட்டுரையை ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி சத்தமாகப் படித்துக்காட்டினாள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோபர்நிகஸ் 1543-ல் எழுதினார், மதவாதிகள் எதிர்த்தார்கள், கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து நிரூபித்துவிட்டார். அரைப் பக்கத்தில் கதை முடிந்தது. “அப்போ அதுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் முட்டாளா தாத்தா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது. அதைக் காட்ட, பேத்தியை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து ஒரு பென்சிலைக் கை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். இடது கண்ணை மூடினால் பென்சில் ஒரு கம்பிக்கு நேராகத் தெரிகிறது, வலது கண்ணை மூடினால் அடுத்த கம்பிக்குத் தாவிவிடுகிறது. ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்து அளக்காதே என்று பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினோமே, அந்த இடமாறு தோற்றம்தான். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையென்றால் ஜனவரியில் அது இருக்கும் இடத்துக்கும் ஜூலையில் இருக்கும் இடத்துக்கும் நடுவே இன்றைய கணக்கில் 30 கோடி கிலோமீட்டர். இரண்டு கண்ணுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பது மாதிரி. அப்படியானால் கிட்டே இருக்கும் நட்சத்திரங்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டாமா? தெரியவில்லை.

இதைக் கேட்டவர்களில் முக்கியமானவர் டைகோ பிராகி. பாதிரியார் அல்ல. டென்மார்க்கில் ஒரு தீவில் உட்கார்ந்து, தொலைநோக்கியே இல்லாத காலத்தில், பாகையில் 60-ல் ஒரு பங்கு வரை வானத்தை அளந்தவர். நட்சத்திரங்கள் மிக மிகத் தூரத்தில் இருப்பதால் அசைவு தெரியவில்லை என்பதுதான் கோபர்நிகஸ் பக்கத்துப் பதில். அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் நானும் சாக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். டைகோ விடவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற பருமனை வைத்துக் கணக்குப் போட்டு, அவ்வளவு தூரத்தில் இருந்தால் ஒரு சாதாரண நட்சத்திரம்கூட பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டுமே, அது நடக்கிற காரியமா என்றார். (கண்ணுக்குத் தெரியும் அந்தப் பருமனே பொய்த் தோற்றம் என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.) வேடிக்கை என்னவென்றால், கோபர்நிகஸ் கட்சிக்காரரான ராத்மன் இதற்குச் சொன்ன பதில், கடவுளின் மகிமைக்கு எதுவும் பெரிதல்ல என்பது! மதத்தை இழுத்தது எந்தப் பக்கம் பாருங்கள்.

சரி, கலிலியோ நிரூபித்தாரா? அவர் 1610-ல் கண்ட வெள்ளியின் வளர்பிறை தேய்பிறை, எல்லாமே பூமியைச் சுற்றுகின்றன என்ற தாலமியின் பழைய அமைப்பைச் சாய்த்தது உண்மை. ஆனால் மற்ற கிரகங்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று டைகோ ஒரு நடுவழி அமைப்பு வைத்திருந்தாரே, அதற்கும் அந்தப் பிறைகள் அப்படியே பொருந்தும். கலிலியோ பெரிதாக நம்பிய சான்று, பூமி நகர்வதால்தான் கடலில் ஏற்றவற்றம் வருகிறது என்பது, அதுவோ தப்பு. 1633-ல் அவரை விசாரித்து வீட்டுக்காவலில் வைத்தது அக்கிரமம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நிரூபணம் அவர் கையில் இல்லை என்பதும் உண்மை என்கிறேன், அவ்வளவுதான்.

பூமி நகர்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று கிடைத்தது 1728 வாக்கில், ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லிக்கு. அவரும் இடமாறு தோற்றத்தைத் தேடித்தான் லண்டன் அருகே கியூ (Kew) என்ற ஊரில் தலைக்கு மேலே போகும் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அது நகர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் அல்ல. மழை நேராகத்தான் கொட்டும், பைக்கில் போகிறவனுக்கு மட்டும் முகத்தில் அடிக்கும். அதுபோல நட்சத்திர ஒளி நம்மீது சாய்ந்து விழுகிறது, நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பூமி ஓடுவதால்.

டைகோ கேட்ட அந்த அசைவை 1838-ல்தான் பிடித்தார்கள். ஜெர்மானியரான பெஸல், நடுவில் இரண்டாக அறுத்த லென்ஸ் வைத்த ஒரு கருவியால் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தை ஒரு வருஷத்துக்கு மேல் அளந்தார். கிடைத்த கோணம் 0.31 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு விகலை). இரண்டு சென்டிமீட்டர் அகல நாணயத்தை 13 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவோ அவ்வளவு. தென்னாப்பிரிக்காவில் ஹெண்டர்சன் இன்னொரு நட்சத்திரத்தை முன்னாலேயே அளந்துவிட்டு, நம்பிக்கை வராமல் தாளைக் கட்டிவைத்திருந்ததில் முதலிடம் போயிற்று, பாவம். கோபர்நிகஸ் புத்தகம் வந்து அதற்குள் 295 வருஷம்.

இன்னொன்று. கட்டுரைக்குக் கீழே பெட்டி கட்டி, பூமி சூரியனைச் சுற்றுவதை ஆரியபட்டர் அன்றே சொன்னார் என்று போட்டிருந்தீர்கள். 499-ல் அவர் சொன்னது பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்பது. ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோல் தெரியும் என்ற உவமையோடு. அதுவே பெரிய விஷயம், இல்லாததை ஏன் ஏற்ற வேண்டும்? கேரளத்து நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் எழுதிவைத்த அமைப்பு, டைகோவுடையதை ஒத்தது, டைகோவுக்கு முந்தியது. பெட்டி கட்ட வேண்டுமென்றால் அவருக்குக் கட்டியிருக்கலாம்.

அடுத்த இணைப்பில் பெஸலுக்கும் பிராட்லிக்கும் நாலு வரி கொடுங்கள். அந்த 61 சிக்னி செப்டம்பர் கடைசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் உச்சியிலிருந்து வடக்கே சரிந்து இருக்கும். இருட்டான இடமென்றால் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் மொட்டை மாடியிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கொல்லிமலைக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பேத்தி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நாமக்கல்