புதைத்த இடத்துக்கு ரசீது எங்கே?

பிரான்சு தேசிய அவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களின் பதினோராவது தொகுதியிலிருந்து உங்கள் அவைக்கு ஒருவர் வருகிறாரே, அந்தத் தொகுதியில் ஓட்டுள்ளவர்களில் நானும் ஒருத்தி. பிரெஞ்சில் எழுதினால் என் கையில் அது தானாகவே மனுவாகிவிடுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு தபாலில் வரும்.

எங்கள் வீட்டைத் தெருவில் இன்றும் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கொஞ்ச காலம் அல்ஜீரியாவில், ஒரான் பக்கம் இருந்தார். அங்கே என்ன பார்த்தார் என்று கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார், ரொட்டியைப் பற்றிப் பேசுவார், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். அவர் போன பிறகு பென்ஷனில் ஒரு பங்கு ஆயாவுக்கு வருகிறது. அதற்காக வருஷம் ஒருமுறை பிரான்சிலிருந்து ஒரு தாள் வரும். ஆயா உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கான சான்று. அவரை ஆட்டோவில் கூட்டிப்போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்ப வேண்டும். "நான் இன்னும் சாகலன்னு எழுதிப் போட்டுட்டியா?" என்று ஆயா கேட்பார்.

நான் சொல்ல வந்தது இதுதான். வங்கக் கடலோரம் ஒரு கிழவிக்கு மூச்சு ஓடுகிறதா என்று வருஷம் தவறாமல் விசாரிக்கிற அரசு, அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துவிட்டுத் தான் எதை எங்கே புதைத்தது என்ற தாளை மட்டும் அறுபது வருஷமாக வெளியே எடுக்க மாட்டேன் என்கிறது.

1960 பிப்ரவரி 13 அன்று காலை, ரெக்கான் ஊருக்குத் தென்மேற்கே ஹமூதியாவில் உங்கள் நாட்டின் முதல் அணுகுண்டு வெடித்தது. சுமார் 70 கிலோடன், ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 'பிரான்சுக்கு ஜே!' என்றுதான் அன்றைய அதிபர் டி கோல் அனுப்பிய செய்தி தொடங்கியது. அந்தக் குண்டுக்கு 'நீல ழெர்புவாஸ்' என்று பெயர். ழெர்புவாஸ் என்பது பாலையில் தத்தித் தத்தி ஓடும் நீள வால் எலி. அடுத்து வெள்ளை எலி, அப்புறம் சிவப்பு எலி, ஆக உங்கள் கொடியின் மூன்று நிறமும் ஆயிற்று. நான்காவதான பச்சையை 1961 ஏப்ரல் 25 அன்று வெடித்தார்கள். தலைநகர் அல்ஜியர்சில் நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் டி கோலுக்கு எதிராகக் கிளம்பியிருந்த நேரம் அது. குண்டு அவர்கள் கையில் சிக்கிவிடக்கூடாது என்ற அவசரத்தில் வெடித்தார்கள் என்று பிற்பாடு பேச்சு வந்தது.

ஆளில்லாத வெளி என்று அப்போது உலகத்துக்குச் சொன்னீர்கள். எனக்கு அணுகுண்டைவிட இந்தச் சொல்தான் அதிகம் உறுத்துகிறது. ரெக்கான் இருப்பது துவாத் என்ற சோலை வரிசையில். அங்கே ஃபொகாரா என்று நிலத்தடி வாய்க்கால்கள் உண்டு. மைல் கணக்கில் பூமிக்கடியில் தோண்டி, ஊற்றுநீரைச் சரிவாகவே நடத்திக் கொண்டுவந்து பேரீச்சந் தோட்டத்தில் விடுவார்கள். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று துளையிட்ட செம்புத் தகட்டை வைத்து அளந்து, கணக்கெழுதிப் பிரிப்பார்கள். ஏரிப்பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட ஊர்க்காரர்களுக்கு அது எத்தனை தலைமுறை வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1900-ஐ ஒட்டி நீங்கள் படை அனுப்பி அந்தச் சோலைகளைப் பிடித்தபோது அங்கே ஆட்கள் இருந்தார்கள், எதிர்த்துச் சண்டையும் போட்டார்கள். அறுபது வருஷத்தில் அவர்கள் எங்கே காணாமல் போனார்கள்?

திறந்தவெளியில் வெடித்ததற்கு ஆப்பிரிக்கா முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் மலைக்குள் போனீர்கள். தெற்கே ஹொகார் பகுதியில் இன் எக்கர் என்ற இடத்தில், தவூரிர்த் தான் அஃபெல்லா என்ற கருங்கல் மலையைக் குடைந்தார்கள். மலை தாங்கிக்கொள்ளும், எதுவும் வெளியே வராது என்பது கணக்கு. 1962 மே 1 அன்று 'பெரில்' என்ற குண்டு வெடித்தபோது அடைப்பு உடைந்து, சுரங்க வாய் வழியாகத் தீயும் கரும்புகையும் உருகிய பாறையும் பீறிட்டு வந்தன. வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு அமைச்சர்கள், பியர் மெஸ்மேரும் கஸ்தோன் பலெவ்ஸ்கியும், மற்றவர்களோடு சேர்ந்து தலைதெறிக்க ஓடினார்கள். பலெவ்ஸ்கி 1984-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அந்த நாள்தான் காரணமா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். அமைச்சருக்காவது மருத்துவர் இருந்தார், கோப்பு இருந்தது. புகை போன திசையில் ஆடும் ஒட்டகமும் மேய்த்துக்கொண்டிருந்த துவாரெக் குடும்பங்களுக்கு என்ன இருந்தது?

அந்த ஜூலை 5 அன்று, 132 வருஷ ஆட்சிக்குப் பிறகு அல்ஜீரியா விடுதலை பெற்றது. வெடிகள் நிற்கவில்லை. போரை முடித்த எவியான் ஒப்பந்தத்தில் சகாரா தளங்களை இன்னும் 5 வருஷம் வைத்துக்கொள்ள இடம் வாங்கியிருந்தீர்கள். மொத்தம் நடந்த 17 சோதனைகளில் 11 விடுதலைக்குப் பிறகு நடந்தவை. மரகதம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம் என்று ரத்தினக் கற்களின் பெயர்களாகப் பார்த்து வைத்தார்கள். எலியிலிருந்து ரத்தினத்துக்கு உயர்வுதான், வேறென்ன சொல்ல?

இதில் அல்ஜியர்சில் ஆட்சிக்கு வந்தவர்களையும் நான் விட்டுவிட மாட்டேன். கையெழுத்து அவர்களுடையதும்தான். பெனி ஊனிஃப் அருகே ரசாயன ஆயுதம் பரிசோதிக்கும் தளம் ஒன்றை ரகசிய உடன்பாட்டின் பேரில் 1978 வரை உங்களுக்கு விட்டுவைத்தவர்கள் அவர்கள். தெற்கில் இருப்பவர்கள் வடக்குக்கும் தூரமாகத்தான் இருந்தார்கள்.

1966-இல் கடைசி வெடி. அடுத்த வருஷம் தளங்களை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, கதிர்வீச்சுப்பட்ட கருவிகள், வண்டிகள், கம்பிகளில் சிலவற்றைக் குழிதோண்டி மணலால் மூடினார்கள். சிலவற்றை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய இரும்பை ஏழை எடுக்காமல் விடுவானா? தகரம் கூரையாயிற்று, செம்புக் கம்பி விலைக்குப் போயிற்று. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

எந்தக் குழி எங்கே, அதில் என்ன என்பதற்கு உங்கள் ராணுவத்திடம் கட்டாயம் தாள் இருக்கும். உங்கள் அலுவலகங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? அல்ஜீரியப் போராளிகளின் வெட்டிய தலைகளைக் கூட எண் போட்டுப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் அடுக்கி வைத்திருந்த நாடு அது. 2020 ஜூலையில் 24 மண்டையோடுகளைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் யார் யாருடையது என்று பிறகு சர்ச்சை வந்தது, அது வேறு கதை.

ஆனால் 2008-இல் நீங்கள் போட்ட காப்பகச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அணு, ரசாயன ஆயுதங்களை வடிவமைக்க, தயாரிக்க, பயன்படுத்த, 'இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க' உதவும் எந்த ஆவணத்தையும் என்றைக்கும் காட்டக்கூடாது என்கிறது அது. ஐம்பது வருஷம், நூறு வருஷம் என்ற கெடுவெல்லாம் கிடையாது. குண்டு செய்யும் சூத்திரத்தை மறைப்பது புரிகிறது. குப்பைக் குழி எப்படி ஆயுதம் ஆகும்?

முடியாத காரியமும் இல்லை. அல்ஜீரிய விடுதலைப் போரின்போது துனீசிய, மொரோக்கோ எல்லைகளில் உங்கள் ராணுவம் புதைத்த கண்ணிவெடிகளின் வரைபடங்களை 2007-இல் அல்ஜீரியாவிடம் கொடுத்தீர்கள். விடுதலையாகி 45 வருஷம் கழித்து. நடுவில் எத்தனை ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அந்த நிலத்தில் கால் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சகாராவை விட்டு, பசிபிக் கடலில் உங்கள் வசம் இருக்கும் பாலினீசியத் தீவுகளுக்குப் போய் 1996 வரை 193 முறை வெடித்தீர்கள். அந்தக் காப்பகங்கள் 2021-க்குப் பிறகு, சட்டத்தின் அதே பிரிவை வைத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. பாலினீசியாவிலிருந்து உங்கள் அவையில் உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து கேட்கிறார்கள். ரெக்கானுக்கு அங்கே நாற்காலி இல்லை. 2010-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தில் அல்ஜீரியாவிலிருந்து பலன் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு வாதத்தை நான் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் சகாரா தூசி பிரான்சு வரை வந்து படிந்தபோது அதில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது, 'விதைத்தது திரும்பி வந்தது' என்று பலர் எழுதினார்கள். பிறகு நடந்த ஆய்வில் அதில் பெரும்பங்கு அமெரிக்க, சோவியத் சோதனைகளின் எச்சம் என்று தெரிந்தது. நல்ல கதைதான், ஆனால் நடந்தது அதுவல்ல. எனக்குக் கதை வேண்டாம், வரைபடம் வேண்டும்.

நீ யார் கேட்க என்றால், ஒரு தேதி சொல்கிறேன். 1954 நவம்பர் 1. அன்றுதான் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போரின் முதல் குண்டுகள் வெடித்தன. எங்களைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தானது. உங்கள் அவை அதை ஆறு வருஷம் தூக்கி வைத்துவிட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16, அல்ஜீரியா விடுதலையாகி ஆறு வாரம் கழித்து. புதுச்சேரிக்குக் கையெழுத்துப் போட்டால் அல்ஜீரியாவுக்கும் போட வேண்டியிருக்குமே என்ற தயக்கம்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எங்கள் தாள் அவர்கள் போரில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் போரில் எங்கள் தாத்தா உங்கள் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவர்களுடைய கடனும் இருக்கிறது.

காலனியாட்சிக்கு மன்னிப்பு கேட்பதா, வருத்தம் தெரிவிப்பதா, அங்கீகரிப்பதா என்று உங்கள் அவையில் சொல் சொல்லாகச் சண்டை நடக்கிறது. 2005-இல் அதன் 'நல்ல பங்கை'ப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்று சட்டமே போட்டீர்கள், மறு வருஷம் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அந்தச் சண்டை பாட்டுக்கு நடக்கட்டும். இரு நாட்டு உறவு சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் சொல்லாதீர்கள். குழிக்குள் இருப்பதற்குத் தூதரக உறவு தெரியாது. அந்தச் சட்டப் பிரிவில் கழிவு புதைத்த இடங்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்க்க உங்களால் முடியும்.

சேர்த்த பிறகு வரைபடத்தை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. ரெக்கானுக்கும் இன் எக்கருக்கும் அனுப்புங்கள். அரபியிலும் துவாரெக் மக்களின் தமாஷெக்கிலும் இருக்கட்டும். ஆயாவின் இந்த வருஷத் தாள் வந்துவிட்டது, திங்கட்கிழமை முத்திரை வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சொல்தா வீட்டுப் பேத்தி,
புதுச்சேரி