ஆணி இருக்கிறது, படம் எங்கே?

கலைக்கூட நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கூடத்தில் நான் வைத்திருக்கும் கார்ட்டூன் கண்காட்சியிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிவிட்டீர்கள். யார் சொல்லிக் கழற்றினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலை நான் வந்தபோது சுவரில் ஆணி இருந்தது, கீழே நான் ஒட்டிய விளக்க அட்டை இருந்தது, பிரெஞ்சு கார்ட்டூன் ஓவியர் ஓனொரே தோமியே கல்லில் வரைந்து அச்சிட்ட படத்தை மட்டும் காணோம். அட்டையைக் கிழிக்க மறந்துவிட்டீர்கள் போல. வருகிறவர்கள் எல்லாம் வெறும் சுவருக்கு முன்னால் நின்று, பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பதையும், ஏழைகளின் காசைக் கூடை கூடையாகப் பலகைமேல் சுமந்துபோய் அந்த வாயில் கொட்டுவதையும், அது ஆசனத்துக்கு அடியில் பதவியும் பட்டமுமாக வெளியே வந்து விழுவதையும் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் "அங்கிள், படம் எங்கே?" என்றான். இரண்டு நாளாக இதே கேள்விதான். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"யாராவது புகார் கொடுத்துவிட்டால்?" என்றார் உங்கள் மேலாளர். யார் கொடுப்பது? லூயி பிலிப் 1850-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். படவேண்டிய கோபத்தை அவர் அரசாங்கம் அப்போதே பட்டாயிற்று: இந்தப் படத்துக்காக 1832-ல் தோமியேவுக்கு ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம், படம் வரைந்த கல்லையும் அச்சிட்ட படிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு. அதிலேயே தப்பிய படத்தை, 190 வருடத்துக்கு மேல் கழித்து, நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த ராஜா இருந்திருந்தால் உங்களுக்கும் ஒரு பட்டம் கொடுத்திருப்பார், அது எங்கிருந்து விழும் என்பதும் படத்திலேயே இருக்கிறது.

நானும் பெரிய வீரன் இல்லை. நம் ஊர் கார்ட்டூன் ஒன்றைக்கூட மாட்டாமல்தான் இந்தக் கண்காட்சியை வைத்தேன். 1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதச் சிறை விதித்த ஊர் இது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் வெளியே விட்டார்கள், ஆனாலும் பயம் பயம்தானே. அதனால்தான் கடல் தாண்டி, எப்போதோ செத்துப்போன ராஜாவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவரைக் கேலி செய்யவும் அனுமதி இல்லை என்றால் மிச்சம் என்னதான் இருக்கிறது, பூச்சாடியா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். கண்காட்சி முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. தயவுசெய்து படத்தை அதே ஆணியில் மாட்டுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை நிர்வாகக் குழுவின் கையெழுத்தோடு இரண்டு வரி எழுதித் தாருங்கள். அந்தப் பையனிடம் காட்டவாவது உதவும்.

விளக்க அட்டையை நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
கண்காட்சி வைத்தவன்