புகார் கடிதம்: சிறுவர் விதைப் பெட்டியில் காலங்கடந்த, மருந்து ஏற்றிய வெண்டை விதை

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம் பகுதி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விதை விற்பனை நிறுவனம்.

பொருள்: வெண்டை விதை முளைக்காமை, எச்சரிக்கை வாசகம் மறைக்கப்பட்டமை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்து வயது மகளுடன் வீட்டில் செடி வளர்ப்பதற்காக, சிறுவர்களுக்கென்று தாங்கள் விற்கும் விதைப் பெட்டியைப் புரட்டாசியில் வாங்கினேன். தென்னைநார்க் கழிவும் மக்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்த மண் நிரப்பிய பைகளில் அவளே வெண்டை விதைகளை ஊன்றினாள். பன்னிரண்டு நாள் கடந்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தினமும் பள்ளிக்குப் புறப்படுமுன் பைகளின் அருகே அமர்ந்து பார்த்துவந்த குழந்தை, தான் தண்ணீரை அதிகமாக ஊற்றியதால்தான் விதை செத்துவிட்டதா என்று கேட்டு அழுதாள்.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், கடற்கரை மணலும் உப்புத் தண்ணீருமே காரணம் என்றார். எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு என்பது உண்மை. அதனாலேயே நாற்றுக்கு அதைத் தொடுவதில்லை, காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடத்தில் பிடித்துவைத்தே ஊற்றுகிறோம். எனினும் ஐயம் நீங்க, தங்கள் விதையில் இருபதையும், என் மாமியார் சுரைக்குடுவையில் சாம்பல் கலந்து சேமித்த வெண்டை விதையில் இருபதையும் அதே நீரில் நனைத்த துணிகளில், மண்ணே இல்லாமல், தனித்தனியே முடிந்துவைத்தேன். ஒரு வாரத்தில் அவருடைய விதையில் பதினாறு முளைத்தன. தங்களுடையதில் மூன்றே முளைத்தன. வெண்டைக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச முளைப்புத் திறன் 65 சதவீதம். இதுவோ 15 சதவீதம்.

அதன்பின் பொட்டலத்தின் விலைச் சீட்டை உரித்துப் பார்த்தேன். அடியில் இருந்த பழைய அட்டையில், பரிசோதனை நாள் நான் வாங்கிய நாளுக்கு 14 மாதம் முந்தியதாக இருந்தது. அரசு முகமை சோதித்துச் சான்றளித்த விதைக்கே பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதந்தான் செல்லுபடிக் காலம். அதைவிட என்னைப் பதறவைத்தது அடுத்த வரி: தைரம் என்னும் பூஞ்சாணக்கொல்லியால் விதைநேர்த்தி (விதைமேல் மருந்து பூசுதல்) செய்யப்பட்டது, உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. விதையை ஊறவைத்தபோது தண்ணீர் இளஞ்சிவப்பானதைக் கண்டு மகிழ்ந்து, என் மகள் வெறுங்கையால் அளைந்து விளையாடினாள். கையுறை பற்றியோ கை கழுவுவது பற்றியோ பெட்டியிலிருந்த கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது தங்கள் கவனத்தால் அன்று.

விதைநேர்த்தி செய்த விதையில் மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டு விதை விதிகள் கூறுகின்றன. அவற்றின்மேல் சீட்டு ஒட்டியது தவறுதலாகவே நேர்ந்திருந்தாலும் பொறுப்பு தங்களுடையதே.

ஆகவே, இதே குவியல் எண் (ஒரே தொகுதி விதைக்கு இடும் எண்) கொண்ட பெட்டிகளை உடனே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்று, வாங்கிய பிற பெற்றோர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். என் பணத்தைத் திருப்பித் தருவதுடன், எங்கள் மண்ணையும் நீரையும் குறை கூறியதை எழுத்து மூலம் விலக்கிக்கொள்ளவும் வேண்டும். எஞ்சிய விதையையும் உரித்த சீட்டையும் பத்திரப்படுத்தியுள்ளேன். 15 நாள்களுக்குள் பதில் வராவிடில், அவற்றுடன் விதை ஆய்வாளரையும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.