வாசிக்கத் தெரிந்தால் கற்றுத்தரவும் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்தால் போதும், சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம் என்று வேலூரில் எங்கே பார்த்தாலும் கீபோர்டு, கிதார், வயலின் வகுப்பு நோட்டீஸ்தான். பிள்ளைகள் கத்திரி வெயிலில் சுற்றாமல் இருந்தால் சரி என்று நாமும் பணத்தைக் கட்டிச் சேர்த்துவிடுகிறோம். ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு வகுப்பு என்றெல்லாம் கேட்கிறோம், சொல்லிக்கொடுப்பவர் யாரிடம் படித்தார், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் பயிற்சி எடுத்தவரா என்று மட்டும் கேட்பதில்லை.

சில இடங்களில் இசைத் தேர்வுகள் நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் அமைப்பின் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் கடைசிப் படியான எட்டாவது கிரேடு முடிப்பது லேசான காரியமில்லை, மதிக்கிறேன். ஆனால் அது அவர் நன்றாக வாசிப்பார் என்பதற்கான சான்று. கற்பிப்பதற்கென்று அதே டிரினிட்டி தனியாக டிப்ளோமா வைத்திருக்கிறது, அதை யாரும் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். எங்கள் உறவில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்குப் பெரியவர்கள் வாசிக்கும் முழு அளவு வயலினை வாங்கச் சொல்லியிருக்கிறார் ஒரு ஆசிரியர். அரை, முக்கால் என்று சின்ன அளவுகள் இருப்பது பெற்றோருக்கு எப்படித் தெரியும்? கை எட்டாமல், தோளும் கழுத்தும் வலித்து, கடைசியில் 'இவளுக்கு சங்கீதம் வராது' என்ற பட்டத்தோடு குழந்தை நின்றுவிட்டது. புல்லாங்குழலிலும் இதே கதைதான், நீளமான குழலில் பிஞ்சு விரல்கள் துளையை மூடாது, காற்றுதான் வரும். கீபோர்டு வகுப்பிலோ கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, நம்பர் போட்டு இரண்டு சினிமாப் பாட்டை ஆண்டு விழாவுக்குத் தயார் செய்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரை எடுத்தால் பிள்ளைக்கு ஸ எது ப எது என்று தெரியாது, தாளம் போடச் சொன்னால் முழிக்கும்.

அரசுப் பள்ளி என்றால் கணக்கே வேறு. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் சிறப்பாசிரியர் தேர்வு வைத்தபோது, இசை ஆசிரியர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இசையில் மேல்நிலை (ஹையர் கிரேடு) தேறியதோடு டி.டி.சி. என்கிற தொழிலாசிரியர் சான்றிதழும் கேட்டார்கள். தனியார் வகுப்புக்கு ஒரு அறையும் போர்டும் போதும்.

அதற்காகக் காகிதம் இல்லாதவர் எல்லாம் கற்றுத்தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குருவிடம் பத்து வருடம் உட்கார்ந்து படித்த நாதஸ்வர, தவில் வித்வான்கள் நம் பக்கத்துக் கோயில்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் டிகிரி எங்கே என்று கேட்பது அபத்தம். அவர்களையும் சேர்த்துக்கொண்டு, கலை பண்பாட்டுத் துறை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்தலாமே. எந்த வயதுக்கு எந்த அளவு வாத்தியம், எப்படி உட்கார வைப்பது, ஆரம்பப் பாடமான சரளி வரிசையைச் சலிக்காமல் எப்படி நகர்த்துவது, அப்புறம் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, இவ்வளவு இருந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கலைகள் சொல்லிக்கொடுக்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்தும் துறைக்கு இது புதுசும் இல்லை. பயிற்சி முடித்தவர்களின் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் போட்டுவிட்டால், அடுத்த கோடைக்குள் பெற்றோர் பார்த்துச் சேர்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
சத்துவாச்சாரி, வேலூர்.