ஒரு 'க்' படுத்திய பாடு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்பது பாளையங்கோட்டையில் உள்ள நம் தெரு வாசகர் மன்றத்தின் விதி. ஆனிக் கூட்டம் நெல்லையப்பர் தேரோட்டத்தன்று வந்து விழுந்ததால் நடக்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. எல்லாரும் வடம் பிடிக்கப் போயிருந்தோம். ஐப்பசியில் மழை. மற்ற மாதங்களில் கூடினோம். அழைப்பிதழில் 'நூல் அறிமுகம்' என்று போட்டாலும், உண்மையில் இந்த ஆண்டு பேசியது இரண்டே விஷயம்தான்.

முதலாவது, பொங்கல் பேனர். 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று அடித்து வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அதைக் கண்டதும், ஏணி கொண்டுவரச் சொல்லி அந்த 'க்' மேல் வெள்ளைத்தாளை ஒட்ட வைத்தார். "கள் என்பது பன்மை விகுதி. அதற்கு முன் வல்லினம் மிகாது. மிகுந்தால் அது பனையிலிருந்து இறக்குகிற கள்" என்றார். பிளெக்ஸ் கடைத் தம்பி விடவில்லை. "அப்போ பூக்கள், தெருக்கள் எல்லாம் எப்படி ஐயா?" பூ ஓரெழுத்துச் சொல், தெரு கடைசி 'உ' முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரம், வாழ்த்து அது குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம் என்று ஐயா பிரித்துக் காட்டினார். தம்பி தலையாட்டினான், ஒத்துக்கொண்டானா என்பது வேறு.

மாசிக் கூட்டம் 'நாட்கள்' பக்கம் போனது. இதில் ஐயாவின் விளக்கம் எனக்கே புதிது. கல், முள், சொல் எல்லாம் தனிக்குறிலை அடுத்து ஒற்று வரும் சொற்கள். அதனால் கற்கள், முட்கள், சொற்கள். கால், தோள், கோள் நெடில். கால்கள், தோள்கள், கோள்கள் என்றே சொல்கிறோம், யாரும் 'கோட்கள்' என்பதில்லை. நாளும் நெடில்தானே, நாள்கள் என்றால் என்ன குறை? சபை அடங்கிவிட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆட்கள்?" கூட்டம் முடிய இரவு ஒன்பதரை.

பங்குனியில் பொருளாளர் அண்ணாச்சி வேறு கதவைத் திறந்தார். தொல்காப்பியம் அஃறிணைப் பெயருக்குத்தான் 'கள்' சேர்க்கச் சொல்கிறது. ஆனால் வள்ளுவர் 263-ஆம் குறளில் 'மற்றையவர்கள்' என்கிறார், 919-இல் 'பூரியர்கள்' என்கிறார். அர் ஏற்கெனவே பன்மை; அதன்மேல் ஒரு கள். "வள்ளுவரே ரெட்டைப் பன்மை போட்டாச்சு, நாம ஒரு க் போட்டா என்ன?" என்றார் அண்ணாச்சி. அது வேறு இது வேறு என்று ஐயா சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு அக்கா கேட்டார்: "நம்மூர்ல அவிய வந்தாவ, பயலுவ போறானுவன்னுதான் பேசுதோம். இதுல கள் எங்க இருக்கு?" இந்த ஆண்டின் சிறந்த கேள்வி அதுவே என்பது என் எண்ணம்.

இரண்டாவது விஷயம், ஆவணியில் நூலும் இலக்கணமும் போய் தூர்தர்ஷன் வந்தது. கொடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்புக் கோபுரம் வருமுன் நம் பக்கத்தில் மொட்டைமாடி ஆன்டெனா இலங்கையைப் பார்த்து நின்றது. 1982-இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாகினிதான் பலருக்கு முதல் டிவி. மேலே ஒருத்தர் கம்பைத் திருப்ப, வாசலில் ஒருத்தர் நிற்க, "இப்பம் தெரியுதாலே?" "புள்ளி புள்ளியா இருக்கு!" ஐயா இங்கேயும் விடவில்லை: அடுக்கிச் சொன்னாலே பன்மை வந்துவிட்டது, புள்ளிகளாக என்று கத்திய ஆள் உண்டா?

கதவு வைத்த டயனோரா, சாலிடேர் பெட்டிகள், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணத்தை இந்தி தெரியாமலே தெரு முழுக்க உட்கார்ந்து பார்த்தது எல்லாம் வந்தன. தமிழில் குரல் மாற்றி வந்த இந்தித் தொடர் 'ஜுனூன்', அதன் தமிழுக்குத் தனியாக அரைமணி நேரம் பேச்சு. இந்தி நடிகரின் வாயசைவுக்குப் பொருத்த வேண்டி வினையை முன்னால் தூக்கிப் போட்ட தமிழ் அது. "குடிக்கப் போறேன் நான் சுக்குக்காப்பி" என்று தம்பி பேசிக் காட்ட, ஐயாவே சிரித்துவிட்டார்.

கடைசியில் சண்டை பிடித்தது, ஒளிபரப்பு நின்றால் தூர்தர்ஷன் திரையில் காட்டிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையில். ஒரு மாலையில் எத்தனை தடங்கல்! 'தடங்கல்களுக்கு' என்றல்லவா இருக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. ஐயா நன்னூலை எடுத்தார்: பால்பகா அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது, மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன, இரண்டும் சரி. ஆகத் தூர்தர்ஷன் போட்டதில் தப்பில்லை.

தீர்மானம்: மன்றத்தின் அச்சில் இனி 'வாழ்த்துகள்'. 'நாள்கள்' ஒத்திவைப்பு. எனக்கு அது சரியென்று புரிகிறது, வாயில்தான் வரமாட்டேன் என்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுக்குக்காப்பிச் செலவு கூடியதற்கு நான் பொறுப்பல்ல, ஆட்கள் பொறுப்பு. ஒலிபெருக்கி பழுது. பழைய பேனர் பிளெக்ஸ் கடைத் தம்பி வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போயிருக்கிறது. ஐப்பசி மழையில் தாள் உரிந்து 'க்' மறுபடி தெரிவதாகத் தகவல்.

இப்படிக்கு,
செயலாளர்