பழைய பத்திரத்தை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுத் தமிழர்கள் பூர்வீகம் தேடி வருவது பற்றிய செய்தியைப் படித்தேன். குடியாத்தம் பக்கம் 38 வருஷம் பத்திரம் எழுதியவன் நான். போன தை மாதம் என்னிடமும் ஒருவர் வந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். கையில் கப்பல் பட்டியலின் நகல் வைத்திருந்தார்.

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நெட்டால் பகுதிக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை வெள்ளைக்காரன் அந்தப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறான். மாட்டுச் சந்தைக் கணக்கு மாதிரிதான். ஆனாலும் இன்றைக்குக் கொள்ளுப் பேரனுக்கு அதை விட்டால் வேறு துப்பு இல்லை.

அவர் தாளில் வட ஆற்காடு, குடியாத்தம், ‘அலட்டூர்’ என்று இருந்தது. எங்கள் பக்கம் மேல்ஆலத்தூரும் உண்டு, கீழ்ஆலத்தூரும் உண்டு. (தாலுகா பெயராவது இருந்ததே. வெறும் வட ஆற்காடு என்றால் சித்தூர், பலமனேரி வரை போக வேண்டியிருக்கும். 1911 வரை அதெல்லாம் இந்த ஜில்லாதான்.)

மூன்று நாள் அலைந்தோம். கம்ப்யூட்டர் பட்டா வந்ததும் “பழசையெல்லாம் எடைக்குப் போட்டாச்சு” என்றுதான் வீட்டுக்கு வீடு பதில். கடைசியில் மேல்ஆலத்தூரில் ஒரு பாட்டியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். 1909-ஆம் வருஷத்துப் பாகப்பத்திரம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. நெட்டால் போயிருக்கும் தமையனார் திரும்பி வரும் பட்சத்தில் என்று சொல்லி, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தார்கள். தகப்பன் பெயரும் பொருந்தியது. வந்தவர் தாளைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

பத்திரம் என்றால் சொத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். வீட்டில் யாருக்கும் நினைவில்லாத கொள்ளுப் பாட்டியின் பெயர், ‘இன்னார் பாரி (மனைவி) இன்னார்’ என்று அதில் இருக்கும். நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியைப் படித்தால் பக்கத்து நிலத்துப் பங்காளிகள் வரிசையாக வருவார்கள். பதிவாகாத கைச்சீட்டில் மட்டும் கவனம் வேண்டும். ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம்.

வீட்டுப் பிரதி போய்விட்டாலும் பதிவானதற்குப் பத்திரப் பதிவு ஆபீசில் நகல் இருக்கும். அங்கேயும் முதலில் போனோம். எந்த ஆபீஸ் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சர்வே நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பெயர்வாரி அட்டவணை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். பதிவுத்துறை மேலதிகாரிகள் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் என்னைப் போன்றவர்கள் கவுண்டரில் சட்டம் பேச வேண்டியிருக்காது.

அப்புறம், பெட்டியில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
குடியாத்தம்.