கண்ணைக் கட்டிப் படிக்கும் வகுப்புக்கு அரங்கம் தருமுன்

சென்னைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' (நடுமூளையை எழுப்பினால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கலாம் என்று சொல்லும் பயிற்சி) நடத்துபவர்கள் பள்ளி அரங்கம் கேட்டு வருவார்கள். பெற்றோர் முன்னால் ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி நாளிதழ்த் தலைப்பைப் படிக்கவைப்பார்கள். கைதட்டல் அடங்குமுன் சேர்க்கைப் படிவம் கைமாறிவிடும். அரங்கம் தருவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. தருமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கீழே சொல்லும் சோதனையை நடத்திப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நடுமூளை என்பது யாரோ வந்து எழுப்புவதற்காகத் தூங்கிக்கிடக்கும் உறுப்பு அல்ல. கண் அசைவு, வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்குவது, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது எல்லாவற்றிலும் அதற்கு வேலை இருக்கிறது. அங்கே ஒரு சிறு பகுதியில் நரம்பணுக்கள் அழிந்துபோனால் பார்க்கின்சன் நோய் வரும்.

மேடையில் நடப்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைச் சாதாரணக் கண்கட்டு முழுதாக அடைப்பதில்லை. அந்த இடுக்கு வழியே கீழே பார்த்தால் மடியிலுள்ள தாள் தெரியும். தாள் கைக்கு வந்ததும் பிள்ளையின் முகவாய் லேசாக மேலே எழும்பும். பிறகு தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்வது. அதற்கு 'வாசனையால் உணர்கிறாள்' என்று ஒரு விளக்கம். அதே தாளை நெற்றிக்கு மேலே பிடித்துப் பாருங்கள், படிப்பு நின்றுவிடும். மந்திர வித்தைக்காரர்களுக்கு இது பால பாடம். 1960களில் சோவியத் ஒன்றியத்தில் ரோசா குலெஷோவா விரலால் படிக்கிறார் என்று பரபரப்பானபோது, அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மூக்கு இடுக்கைப் பற்றித்தான் எழுதினார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இடுக்கு தற்செயலாகக் கண்ணில் படுகிறது, பாராட்டு கிடைக்கிறது, அப்புறம் வாய் திறக்க முடிவதில்லை.

'அறிவியல் நிரூபித்தது' என்று நோட்டீஸில் இருக்கும். புலன் கடந்த ஆற்றல் பற்றி ஆய்வு நடந்தது உண்மை. அதன் தொடக்ககால விசாரணைகளில் ஒன்று நம் அடையாறிலேயே நடந்தது: பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அதிசயக் கடிதங்களை ஆராய, லண்டனின் அமானுஷ்ய ஆய்வுச் சங்கம் (Society for Psychical Research) அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் 1884 இறுதியில் இங்கே வந்தார். 1885இல் வெளியான அறிக்கை எல்லாம் மோசடி என்றது; அதை அச்சிட்ட சங்கத்தின் இதழே 1986இல் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சிக்கும் கட்டுரையையும் வெளியிட்டது.

1930களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி.ரைன் 25 அட்டைகளை வைத்துச் சோதித்தார். ஐந்து குறிகள், குறிக்கு ஐந்து அட்டை. வெறும் ஊகத்திலேயே சராசரியாக 5 சரியாகும். சிலர் அதற்கு மேல் சொன்னார்கள். ஆனால் தொடக்ககால அட்டைகள் சிலவற்றில் குறி பின்பக்கமாகவே தெரிந்தது. பின்னாளில் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டிக் கண்மேல் வைத்து, வேறு அறையில் ஒருவர் பார்க்கும் படம் நான்கில் எது என்று சொல்லவைக்கும் சோதனை வந்தது. ஊகத்தில் 25 சதவீதம். ஆதரவாளர்களின் கூட்டுக்கணக்கு சுமார் 32 என்கிறது. அந்த ஏழு புள்ளிக்குத்தான் இத்தனை வருடச் சண்டை. நடக்கப்போவதை முன்கூட்டியே உணரலாம் என்று உளவியலாளர் டேரில் பெம் 2011இல் வெளியிட்ட முடிவை 2012இல் மற்றவர்கள் செய்துபார்த்தபோது அது வரவில்லை. ஆய்வகம் 32க்கே தடுமாறும்போது மேடையில் மட்டும் நூற்றுக்கு நூறு வருகிறது என்றால், சந்தேகம் கண்கட்டின் மேல்தான் விழ வேண்டும்.

இனி சோதனை. கண்ணைக் கட்டவே வேண்டாம்; மூடிய கவருக்குள் இருக்கும் நிறத்தைப் பிள்ளை சொன்னால் போதும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் சார்ட் தாளில் ஒரே அளவுத் துண்டுகள், 20 பழுப்புக் கவர்கள், சமையலறை அலுமினியத் தாள், தாயக்கட்டை ஒன்று. மறுநாள் அறைக்குள் வராத ஓர் ஆசிரியர் முந்தின மாலை தனியாக உட்கார்ந்து கட்டையை 20 முறை உருட்டட்டும். வெறும் பக்கம் விழுந்தால் சிவப்பு, ஒன்று நீலம், இரண்டு பச்சை, மூன்று மஞ்சள். விழுந்த நிறத்தை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றிக் கவரில் ஒட்டி, எண் போட்டு, பட்டியலை முத்திரையிட்டுப் பூட்டிவைக்கட்டும். நிறத்துக்கு ஐந்து என்று சமமாகப் பிரிக்காதீர்கள். இடையில் விடைகள் தெரிந்துவிட்டால், எண்ணிக்கொண்டே வரும் பிள்ளை கடைசிக் கவர்களைக் கணக்கிலேயே சொல்லிவிடும். தேய்ந்த கட்டை ஒரே பக்கம் விழும் என்பதால் நல்ல கட்டையாக எடுங்கள்.

மறுநாள் பிள்ளையோடு இருப்பவருக்கு விடை தெரியக்கூடாது. தெரிந்தவரின் முகமே குறிப்பு கொடுத்துவிடும். பயிற்சியாளரும் அவருடைய போனும் அறைக்கு வெளியே. பதில்களைப் பேனாவால் எழுதுங்கள், இருபதும் முடியும்வரை ஒரு கவரையும் பிரிக்காதீர்கள். இல்லையென்றால் நன்றாக வரும் இடத்தில் 'போதும்' என்பார்கள்.

ஊகத்தில் 5 வரும். 8 வந்தால் மலைக்க வேண்டாம். வெறுமனே ஊகிக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு 8 அல்லது அதற்கு மேல் கிடைக்கும். 12 அல்லது அதற்கு மேல் ஊகத்தில் வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. ஆகவே 12தான் தேர்ச்சி என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 'அலுமினியம் அலைகளைத் தடுக்கிறது' என்ற பேச்சு அப்புறம் வரும். அதற்கு இடமில்லாமல், வேண்டுமானால் தடித்த கறுப்பு அட்டையில் சுற்றுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். டியூப்லைட்டில் பிடித்து நிறம் தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டால் சரி. நம்பாதவர் பக்கத்தில் இருந்தால் வராது என்பார்கள். அரங்கம் நிறைந்த கூட்டத்தில் வந்ததே என்று கேளுங்கள்.

12 வந்துவிட்டால் வேறு ஆசிரியர், புதுக் கவர்கள், இன்னொரு நாள். அன்றைக்கும் 12 வந்தால் வாடகையே வாங்காமல் அரங்கத்தைக் கொடுங்கள்.